நெட்டையின் டியூட்டி

டாக்டருக்கு வாழ்க்கைப்பட்டவள் என்று அவளைப் பார்த்துப் பெருமூச்சு விடாத பெண்கள் அந்தத் தெருவில் குறைவு. அவளோ ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில், காலை எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கிவிட்டு மாதச் சம்பளத்துக்கு நின்றுகொண்டிருந்தாள். டாக்டர்தான், இல்லை என்று யார் சொன்னது? பயிற்சி டாக்டர். மேல்படிப்பில் சேர்ந்து, ராப்பகலாக நோயாளிகளைப் பார்ப்பவன். அதற்குக் கிடைப்பதைச் சம்பளம் என்று சொல்லாமல் உதவித்தொகை என்று சொல்லி, அதையும் ஒரு மாதம் தள்ளித்தான் கொடுப்பார்கள். அது வந்து விழுந்த அன்றே படிப்புக் கடனுக்கான தவணை பாதியைத் தின்றுவிடும். மிச்சம் யானைப் பசிக்குச் சோளப்பொரி.

இதை வெளியே சொன்னால் யார் நம்புகிறார்கள்? "டாக்டர் வீட்லயே வாடகை பாக்கியா?" என்று வீட்டுக்கார அம்மாள் சிரித்துக்கொண்டே கேட்பாள். சிரிப்பு முடிந்த பிறகும் படியை விட்டு நகரமாட்டாள். புருஷனுடைய அக்கா தன் பெண்ணுக்கு ஃபீஸ் கட்ட வேண்டும் என்று போன் செய்வாள். இல்லை என்றால் பெண்டாட்டி சொல்லைக் கேட்டு மாறிவிட்டான் என்பாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

உண்மை தெரிந்தது அந்த ஜெராக்ஸ் மெஷினின் கண்ணாடிக்குத்தான். பயிற்சி டாக்டர்களின் கடன் பத்திரம், வீட்டு ஒப்பந்தம், தவணை தவறியதற்கு வந்த கடிதம் எல்லாம் அந்தக் கண்ணாடிமேல் குப்புறப் படுத்து எழுந்து போனவைதான். யாருடைய அப்பா நிலத்தை விற்றார், யாருக்கு மாமனார் பணம் கட்டினார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவள் வாய் திறக்கமாட்டாள். சூடாக வெளியே வரும் தாளை எடுத்துத் தட்டி அடுக்கி, "நாலு பக்கம், ரெண்டு காப்பி" என்பாள், அவ்வளவுதான்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் இருந்தது. டியூட்டியை விற்பார்கள், காசு கொடுப்பதும் விற்கிறவனே. வசதியுள்ள பயிற்சி டாக்டர் ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குப் போக வேண்டுமென்றால், வசதியில்லாதவனிடம் காசைக் கொடுத்துத் தன் இடத்தில் நிற்கச் சொல்வான். நிற்பவன் அந்த வசதிக்காரனின் கோட்டைப் போட்டுக்கொள்வான், வருகைப் பதிவேட்டில் வசதிக்காரன் பேருக்கு நேராக அவன் கையெழுத்தையே போடுவான். பெரிய டாக்டர்களுக்கும் இது தெரியும். அவர்களும் அந்தக் காலத்தில் விற்றவர்கள்தான், இல்லை வாங்கியவர்கள்தான். தன் டியூட்டியையும் பார்த்து, அடுத்தவன் டியூட்டியையும் வாங்கிப் பார்ப்பதில் அவள் புருஷனை மிஞ்ச ஆளில்லை. அதனால் கூட இருந்தவர்கள் அவனுக்கு 'வாடகை' என்று பேர் வைத்துவிட்டார்கள். வாடகைக்கு வரும் டாக்டர், வாடகை கட்ட முடியாத டாக்டர், எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

அவனுக்கு ஒரே சிநேகிதன் நெட்டை. ஆறடிக்கு மேல் இரண்டு அங்குலம். வாடகை அவன் தோளுக்குக்கூட எட்டமாட்டான். இரண்டு பேரும் சேர்ந்து கடைக்கு வந்தால் அவளுக்குச் சிரிப்பு வரும். அந்த நெட்டை, தொடர்ந்து முப்பத்தாறு மணி நேரம் டியூட்டி பார்த்துவிட்டு, லீவு போட்டு, பைக்கிலேயே அம்மாவைப் பார்க்க ஊருக்குக் கிளம்பினான். வழியில் தூங்கிப் போயிருக்கிறான். லாரிக்காரன்மேல் தப்பில்லை என்று அங்கே பார்த்தவர்கள் சொன்னார்கள்.

எல்லாம் முடிந்து எட்டாவது நாள், கடையைச் சாத்துகிற நேரத்தில் அவள் புருஷனும் இன்னும் நாலைந்து பயிற்சி டாக்டர்களும் வந்தார்கள். நெட்டையின் இறப்புச் சான்றிதழை இரண்டு காப்பி எடுத்தார்கள். எடுத்தவர்கள் போகாமல் நின்றார்கள். கண்ணாடி போட்ட பெண் டாக்டர்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

"அக்கா, இத ஆபீஸ்ல குடுக்க வேணாம்னு பாக்குறோம். அவன் லீவுல இருக்கான்னுதான் அங்க நெனச்சுக்கிட்டிருக்காங்க."

"ஏன்?"

"நெட்டையோட கடனுக்கு அவங்கம்மா வீட்டுப் பத்திரத்த வச்சிருக்காங்க. இன்னும் பத்து மாசத் தவணை இருக்கு. அவன் பேர எடுத்துட்டா உதவித்தொகை நின்னுடும். தவணை நின்னா வீடு போயிடும். அந்தம்மா எங்க போவாங்க?"

"அதுக்கு?"

 கடைசியில் வாடகைதான் சொன்னான். "அவன் டியூட்டிய நான் பாக்குறேன். அவன் பேர்லயே. வர்ற பணத்துல பாதி தவணைக்கு, பாதி நமக்கு. பணம் அவங்கம்மா கையிலதான் போய்ச் சேரும், நம்ம பாதிய அவங்களே அனுப்பிடறேன்னு சொல்லிட்டாங்க."

அவள் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று பின்னால் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறாள். அப்போது அவளுக்கு வீட்டுக்கார அம்மாளின் முகம்தான் முன்னால் வந்தது. மூன்று மாத பாக்கி. செத்தவன் பேரில் சம்பாதிப்பதா என்று ஒரு கணம் உடம்பு கூசியது. அடுத்த கணம், ஒரு தாயின் வீடு பிழைக்கிறதே, இதில் என்ன பாவம் என்று மனசு தானே வக்கீலாகிவிட்டது.

"உடம்பு தாங்குமா உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"தாங்கும்."

"அப்ப சரி."

காப்பிகளை அவளிடமே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் டிராயரில் காலியான மை டப்பாக்களுக்கு அடியில் போட்டுப் பூட்டினாள்.

முதல் இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. காலையில் தன் டியூட்டி, மத்தியானம் நெட்டையின் வார்டு. நெட்டையின் கோட்டு அவனுக்கு முழங்காலைத் தாண்டித் தொங்கியது. கைகளை இரண்டு மடிப்பு மடித்து அவள்தான் தைத்துக் கொடுத்தாள். நெட்டையின் கையெழுத்தையும் கடைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அவள் முன்னால் உட்கார்ந்துதான் பழகினான். "அந்த வளைவுல கை நடுங்குது பாருங்க. பாத்துப் போட்ட கையெழுத்துன்னு தெரியும்" என்று அவள் திருத்தினாள். ஒரு நாளைக்கு ஆயிரம் கையெழுத்தைப் பார்க்கிறவளுக்குச் சொந்தக் கையெழுத்து எது, கள்ளக் கையெழுத்து எது என்று தெரியாதா? சொந்தக் கை ஓடும், கள்ளக் கை நின்று நின்று நடக்கும்.

வாடகை பாக்கி தீர்ந்தது. வீட்டுக்கார அம்மாள் படியேறுவதை நிறுத்தினாள். ஒரு சின்ன ஃபேன்கூட வாங்கினார்கள். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த காலம் அது. காற்று என்று ஒன்று வந்தால் புழுதியை வாரிக்கொண்டுதான் வரும். மாடியில் அந்த ஒற்றை அறையில் ஃபேனுக்கு நேரே படுத்து, இரண்டு பேரும் வெகுநாளைக்குப் பிறகு சிரித்துப் பேசினார்கள்.

மூன்றாவது மாதத்தில் ஒரு நாள் மத்தியானம், அவன் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தான். அவள் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். வாசல் நிலையில் வந்தவன் சட்டென்று தலையைக் குனிந்து உள்ளே நுழைந்தான். அந்த நிலைக்கும் அவன் தலைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது.

"என்ன குனியறீங்க?"

"எங்க குனிஞ்சேன்?"

"இப்பத்தான்."

"போ, உனக்கு வேற வேலையில்ல" என்று உட்கார்ந்தான். முட்டையை ஒதுக்கி வைத்தான். முட்டை என்றால் உயிரை விடுகிறவன்.

"முட்ட எனக்கு ஒத்துக்காதே" என்றான்.

அவள் கரண்டியைப் பிடித்தபடியே நின்றாள். களைப்பு, வேறொன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுநாளும் குனிந்தான். அதற்கு மறுநாளும் குனிந்தான். பிறகு அவள் அவன் வரும் நேரத்தில் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்ளப் பழகினாள்.

கோட்டைத் துவைக்க எடுத்தபோதுதான் அடுத்தது தெரிந்தது. கையில் அவள் தைத்திருந்த மடிப்புகள் இரண்டும் பிரிக்கப்பட்டிருந்தன. நூலைக்கூட அறுத்துத் தொங்கவிடாமல் சுத்தமாக எடுத்திருந்தது. "இத ஏன் பிரிச்சீங்க?" என்று கேட்டாள்.

"கை ஏறலையே, இழுத்துப் புடிச்சுது" என்றான்.

அவள் கோட்டை அவனுக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லவில்லை. பயமாக இருந்தது. போட்டு, அது சரியாக இருந்துவிட்டால் என்ன செய்வது?

அதன் பிறகு ஒரு நாள் அவன் குளித்துக்கொண்டிருந்தபோது அவன் போன் அடித்தது. நெட்டையின் அம்மா. அவள் எடுத்தாள்.

"கண்ணு, சாப்டியா?"

"அம்மா, நான் அவரோட வீட்டுக்காரி பேசறேன். ஜெராக்ஸ் கடை."

"நீயாம்மா? என் புள்ளையக் கூப்பிடு."

"யாரைம்மா?"

"அவனுக்குத் தொண்ட கட்டியிருக்கு. நேத்துப் பேசும்போதே கரகரன்னு இருந்துச்சு. சுடுதண்ணி வச்சுக் குடும்மா, அவனாக் கேக்கமாட்டான்."

அவள் புருஷனுக்கு இரண்டு நாளாகத் தொண்டை கட்டியிருந்தது. பச்சைத் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று அவளே திட்டியிருந்தாள். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அம்மா, உங்க புள்ள போயி அஞ்சு மாசம் ஆகப்போகுதும்மா. நீங்கதானே முன்ன நின்னு எல்லாம் செஞ்சீங்க."

 கோபமோ அழுகையோ இல்லாமல், காய்கறி விலை பேசுகிற குரலில் அந்த அம்மாள் சொன்னாள்.

"ஆமா, அப்படித்தான் சொன்னாங்க. நானும் அழுதேன். ஆனா மாசாமாசம் அவன் பேர்ல பணம் வந்து விழுதேம்மா. செத்தவனுக்கு யாராவது சம்பளம் போடுவாங்களா? பேங்க்ல கேட்டுப் பாரு, உங்க பையன் மாதிரி ஒழுங்கா கட்டறவங்க கெடையாதுங்கறாங்க. தெனம் ராத்திரி பேசறான். அம்மா அம்மான்னு வாய் நெறையக் கூப்பிடறான். உனக்கு என்னம்மா தெரியும்?"

அவன் குளித்துவிட்டு வந்தபோது போன் அவள் மடியில் இருந்தது.

"இத விட்டுடலாங்க" என்றாள்.

"எத?"

"நெட்டையோட டியூட்டிய. வாடகை எப்படியோ கட்டிக்கலாம். நான் ஞாயித்துக்கெழமையும் கடையத் தெறக்கறேன்."

அவன் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தான்.  குரல் சாந்தமாக இருந்தது.

"உனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. என் டியூட்டில நிக்கும்போது தலைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும். தவணை, வாடகை, அக்கா பொண்ணு ஃபீஸ், பரீட்சைக்குக் கட்டணும், நீ அந்த மெஷின் புகையில நிக்கறது. நோயாளி என்ன சொல்றாங்கன்னே காதுல விழாது. மத்தியானம் நெட்டை கோட்டப் போட்டேன்னா எல்லாம் நின்னுடும். அவன் கடன்தான் மாசாமாசம் கொறையுதே. இன்னும் ஆறு தவணை, அஞ்சு தவணைன்னு மனசு லேசாயிடுது. களைப்பே தெரியறதில்ல. நோயாளிங்க பக்கத்துல உக்காந்து நிதானமா கேக்க முடியுது. டாக்டர்னா அப்படித்தானே இருக்கணும்?"

"அப்ப நான்?" என்று கேட்டாள்.

"நீ என்ன?"

"உங்க கடன்ல நானும்தானே இருக்கேன்."

அவன் அவளைப் பார்த்தான். யோசிக்கிறவனைப் போலப் பார்த்தான். எழுந்து, வாசலில் குனிந்து, வெளியே போனான். அன்றைக்கு அவள் வாய்விட்டு அழுதாள். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கின கதையாகிவிட்டதே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த வாரமே வார்டு ஆயா ஏதோ அட்டையை ஜெராக்ஸ் எடுக்கக் கடைக்கு வந்தாள். வெளியே வானம் கறுத்து, மழை வராமல் புழுங்கிக்கொண்டிருந்தது. ஆயா முந்தானையால் விசிறிக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள்.

"எங்கம்மா உங்க வீட்டுக்காரர ஆளையே காணோம்? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"தெனம் வர்றாரே ஆயா. உங்க வார்டுக்குத்தானே வர்றாரு."

"எங்க வார்டுக்கா? முன்ன வந்தாரு. நெட்டை டாக்டர் ஊருக்குப் போயிருந்தப்ப, அவருக்கு மாத்தா. இப்பத்தான் நெட்டை டாக்டரே வந்துட்டாரே."

மெஷினின் வெளிச்சம் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்த் திரும்பியது. அவள் தாளை எடுக்கவில்லை.

"நல்லாப் பாத்தீங்களா ஆயா?"

"என்னம்மா கேள்வி இது? ஓங்கி ஒசந்த ஆளு, கண்ணு தெரியாம போயிடுமா? மேல் அலமாரில ஊசி மருந்து வச்சா நாங்க ஸ்டூல் போட்டு எடுக்கணும், அவரு நின்னபடியே எடுத்துக் குடுக்கறாரு. முன்னவிடத் தேறிட்டாரு. மொகத்துலதான் ரத்தமே இல்ல."

ஆயா போன பிறகு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை காப்பி எடுத்தார்கள் என்று அவளுக்கு நினைவில்லை.

மாதக் கடைசியில் நெட்டையின் அம்மாவிடமிருந்து பாதிப் பணம் வந்தது. அவள் புருஷனுடைய சொந்த உதவித்தொகை வரவில்லை. ஒரு வாரம் பார்த்தாள். அவனிடம் கேட்டால், "எந்தப் பணம்?" என்றான். கேட்கிற தொனியிலிருந்தே அவனுக்கு உண்மையாகவே புரியவில்லை என்று தெரிந்தது. மறுநாள் டிராயரில் பூட்டியிருந்த காப்பி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு, கடையை ஒரு மணி நேரம் சாத்திவிட்டு ஆஸ்பத்திரி ஆபீசுக்குப் போனாள்.

வருகைப் பதிவேட்டு கிளார்க் அவளுக்குத் தெரிந்தவர்தான். நூறு பக்கம் எடுத்தால் பத்து பக்கம் ஓசி கேட்கிறவர். பெரிய பதிவேட்டைப் புரட்டி, விரலை ஓட்டி, ஒரு பேரில் நிறுத்தினார்.

"நாப்பத்தோரு நாளா ஒரு கையெழுத்து இல்லியேம்மா. வேலைக்கு வராதவருக்கு எப்படிப் பணம் போடறது? ரெண்டு நோட்டீஸ் அனுப்பியாச்சு, பதில் இல்ல. நேத்தோட பேரை எடுத்தாச்சு."

"தெனம் வர்றாரு சார். காலையில ஏழு மணிக்குக் கெளம்பி வர்றாரு."

"வந்தா கையெழுத்து எங்க?"

அவள் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினாள். சிவப்புக் கோடு இழுத்திருந்த தன் புருஷன் பேருக்கு நேரே கட்டங்கள் காலியாக இருந்தன. நெட்டையின் பேர் அதற்கு நாலு வரி கீழே. அங்கே காலையிலும் கையெழுத்து, மத்தியானமும் கையெழுத்து. பேரைப் பார்க்காமலே, பழகிப்போன கட்டத்தில் கை தானாகப் போயிருக்கிறது. வெறும் களைப்பில் வரி மாறிப்போனது என்றே அவளும் நம்பியிருப்பாள். முதல் மாதப் பக்கத்துக்குத் திருப்பினாள். வளைவில் கை நடுங்கியிருந்தது, நின்று நின்று நடந்திருந்தது. போன மாதப் பக்கத்தில் அது ஓடியது. அது யாரையும் பார்த்துப் போட்ட கையெழுத்து இல்லை.

"இவரைப் பாரும்மா" என்று கிளார்க் அந்த வரியைத் தட்டிக் காட்டினார். "ஒரு நாள் தவறல. இப்படி இருந்தா ஏன் பணம் வராது? உங்க வீட்டுக்காரருகிட்ட சொல்லுங்க, இவரப் பாத்துக் கத்துக்கச் சொல்லி."

"அவரு செத்துட்டாரு சார்."

கிளார்க் சிரித்தார். அவள் பையிலிருந்து சான்றிதழின் காப்பியை எடுத்து வைத்ததும் சிரிப்பு நின்றது. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அவள் எதையும் மறைக்காமல் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவர் ரொம்ப நேரம் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"இங்க பாரும்மா, உங்களுக்கு நல்லதுக்குச் சொல்றேன். வராததுக்கு எடுத்த பேர மன்னிப்பு எழுதிக் குடுத்துத் திரும்பச் சேத்துக்கலாம். இத நீங்க எழுத்துல குடுத்தா, ஆள் மாறாட்டம். உங்க வீட்டுக்காரரு படிப்பே போயிடும். இத்தன வருஷம் படிச்சது, கடன் வாங்கினது எல்லாம் தண்ணிதான். அந்தம்மா வீடும் போயிடும். பேசாம இருந்தீங்கன்னா இன்னும் அஞ்சு மாசம், பணம் வந்துக்கிட்டு இருக்கும். யாருக்கும் தெரியப் போறதில்ல."

"அஞ்சு மாசம் கழிச்சு எனக்கு ஆளு இருக்கமாட்டாரு சார்."

"கடன் அப்படியே நிக்குமேம்மா."

"நிக்கட்டும். டாக்டர் பட்டம் போனா போகட்டும். ஆளு வீடு வந்து சேந்தா போதும்."

நெட்டையின் அம்மா நினைவுக்கு வந்தாள். அந்தத் தாய்க்கு இரண்டாம் தடவையாகப் பிள்ளை சாகப் போகிறான், இந்தத் தடவை கொல்வது தான்தான் என்று நினைத்தாள். ஆனாலும் எழுதினாள். கடையில் எத்தனையோ பேருக்கு மனு எழுதிக் கொடுத்த கை. ஐயா, வணக்கம் என்று தொடங்கி, தேதி வாரியாக, ஒன்றுவிடாமல் எழுதிக் கீழே தன் பேரைப் போட்டாள். கிளார்க் முத்திரை குத்தினார். பதிவேட்டைத் திறந்து, நெட்டையின் பேர்மேல் அளவுகோலை வைத்து, சிவப்பு மையால் நேராக ஒரு கோடு இழுத்தார். இப்போது இரண்டு பேரின் பேரும் அந்தப் புத்தகத்தில் இல்லை.

மழை அப்போதுதான் பிடித்தது. அவள் நனைந்துகொண்டே திறந்த நடையைக் கடந்து வார்டுக்கு ஓடினாள். மத்தியான நேரம். நோயாளிகள் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மருந்து வாடையும் ஈரத் துணி வாடையும் கலந்து அடித்தது. கடைசிக் கட்டிலுக்குப் பக்கத்தில், கோட்டுப் போட்ட முதுகு ஒன்று குனிந்து ஒரு கிழவரின் நாடியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் முன்னால் அவன் பேரைச் சொன்னதில்லை, அன்றைக்குச் சொன்னாள். முதுகு திரும்பவில்லை. இன்னொரு தடவை சத்தமாகக் கூப்பிட்டாள். தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்து பார்த்தார்கள். கிழவர், "டாக்டர், அங்க யாரோ..." என்று கையைக் காட்டினார்.

அவன் திரும்பினான். அவள் புருஷனின் முகம்தான், ஒரு மாற்றமும் இல்லை. மூக்குக்குப் பக்கத்தில் இருந்த மச்சம்கூட அப்படியே இருந்தது. அவன் இரண்டடி முன்னால் வந்து, புதிதாக வார்டுக்கு வருகிற உறவுக்காரர்களிடம் பேசுகிற மரியாதையோடு, பொறுமையாகக் கேட்டான்.

"நனைஞ்சுட்டீங்களேக்கா. சொல்லுங்க, யாரைப் பாக்கணும்?"

அவள் அவன் பேரையே மறுபடியும் சொன்னாள்.

அவன் யோசித்தான். உண்மையாகவே உதவ நினைக்கிறவனின் யோசனை அது. "அப்படி ஒருத்தர் இருந்தாருக்கா. நல்ல மனுஷன், எனக்குச் சிநேகிதன். கடன் தொல்ல ஜாஸ்தி அவருக்கு. இப்ப கொஞ்ச நாளா வர்றதில்லையே."

 அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். கத்த வேண்டும், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்று தோன்றியது. கத்தவில்லை.

"பரவால்ல" என்றாள். "அவர் வர்ற வரைக்கும் நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

"நேரமாகுமேக்கா."

"ஆகட்டும்."

அவன் ஓரத்தில் இருந்த பெஞ்சைக் காட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனான். அவள் ஈரத் தலைப்பைப் பிழிந்துகொண்டு அதில் உட்கார்ந்தாள்.